கட்டுச்சோற்று வாளிகள்

யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அங்கிருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்து அடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடியில் ஒரு சிறு முக்கோணமும், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்ல அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். ஐந்து என்றால் சோற்றுக்கு ஆகும், பேசாமல் வைத்துவிடுவேன். மூன்றோ ஆறோ ஏழோ இருந்தால், இதில் என்ன வைக்கிறீர்கள், சூடாகவா ஆறவைத்தா என்று கேட்பேன். எண்ணே இல்லாத டப்பாவில் ஊறுகாயைப் பார்த்துவிட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. போன மாதம் மருமகளின் தங்கை வீட்டில் மொத்தம் இருபத்து மூன்று டப்பா. பதினான்காவதைக் கவிழ்த்தபோது மூடி சரியாக இல்லாமல் உள்ளே இருந்த வெந்தயம் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது.

“மாமா, நீங்க ஹால்ல வந்து உக்காருங்க,” என்றாள் மருமகள். “அவங்க வீட்டு டப்பாவ அவங்களே எண்ணிக்குவாங்க.”

ஓட்டலுக்குத் தூக்குவாளியோடு போகிறேன். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூலால் கட்டித் தருவதைப் பார்க்க முடியவில்லை. கல்லாவில் இருப்பவர் என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, “தூக்கு சார் வந்துட்டாரு, பாத்து ஊத்துங்கப்பா,” என்பார். சிரிக்கட்டும்.

பிளாஸ்டிக் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்திருக்கிறேன். அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. பாத்திரத்தின் பிளாஸ்டிக்கில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றுக்குள் இறங்கும் என்கிறார்கள். வளைவதற்காகச் சேர்த்தது, நிறத்துக்காகச் சேர்த்தது, வெயிலுக்கு வெடிக்காமல் இருக்கச் சேர்த்தது, எல்லாம் ஓரளவு இறங்கும். சூடு அதை விரைவாக்கும். எண்ணெய் சிலவற்றை இழுத்துக்கொள்ளும், புளிப்பு சிலவற்றை. எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு இறங்கும். சோற்றுக்கென்று செய்த பாத்திரம் ஒன்று, எதற்கோ செய்ததில் சோற்றை வைப்பது வேறொன்று. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது மிகப் பிந்தி. கண்ணால் பார்த்தது அதற்கு வெகுகாலம் முன்னால், திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில், என் அக்காவின் கல்யாணத்துக்கு மறுநாள்.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் கூடுதலாக, ஏழு ஏக்கர் போல, நஞ்சையும், வாய்க்கால் ஓரமாக ஒரு வாழைக்கொல்லையும் இருந்தன. இரண்டையும் ஒரே குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்துவந்தது. சட்டம் வந்ததும் குத்தகைக்காரர் போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டார். அவருக்கு அது நியாயம். அப்பாவுக்கு அது துரோகம். அப்பா அந்தச் சம்பா அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் கைகலப்பாகி, போலீஸ் வந்து, கடைசியில் அறுப்பு நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வேலைக்கு ஊரில் யாரும் வரவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் நாங்களே செய்துகொண்டோம். வாழைக்கொல்லைப் பக்கம் நாங்கள் போகவில்லை.

இந்த விவகாரம் முற்றுவதற்கு முன்பே அக்காவைத் திண்டுக்கல்லில் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா வாசலில் நின்று கையை நீட்டி, “அதோ தெரியுதே கொல்லை, அது வரைக்கும் நம்மளுதுதான்,” என்று காட்டினார். பதிவு நடந்த பிறகு அதை அவர்களிடம் யாரும் திருத்திச் சொல்லவில்லை. நிலம் கையில் இல்லை என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அப்பா பயந்தார். கல்யாணம் ஆன பிறகு தெரிந்தாலும் அக்கா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க முடியாது என்று அம்மா பயந்தாள். நான் பட்டப்படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். எனக்குக் கொடுத்த வேலை எண்ணுவது. வந்த இலை, ஏறின மூட்டை, பந்திக்கு எத்தனை பேர்.

எங்கள் பக்கத்தில், கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது வழிக்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவோம். புளியோதரையும் தயிர்சாதமும். கூடவே ஒரு கட்டு வாழை இலை. சோறு போகும் பாத்திரமும் பெண்ணோடு போய் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். அதைத் திருப்பி அனுப்பினால், உங்கள் வீட்டுச் சோறு எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். அப்படி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டது கூட இல்லை.

எங்கள் வீட்டில் இதற்கென்றே நான்கு பெரிய பித்தளை அடுக்குகள் இருந்தன. ஆனால் உள்ளே ஈயம் போயிருந்தது. ஈயம் பூசாத பித்தளையில் புளியும் தயிரும் பட்டால் களிம்பு ஏறும், வயிற்றைப் புரட்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் அடுப்படி தெரிந்த எந்தப் பெண்ணும் அந்தத் தப்பைச் செய்யமாட்டாள். வருடா வருடம் வரும் ஈயம் பூசுகிறவர் அந்த வருடமும் ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் துருத்தியைக் குத்தகைக்காரர் வீட்டு வாசலில் போட்டிருந்தார்.

“அவன் வாசலுக்கு என் பாத்திரம் போவாது,” என்றார் அப்பா.

“அப்ப எதுல குடுத்து அனுப்பறது? என் தலையிலயா?” என்றாள் அம்மா.

மண்பானை ரயிலில் உடையும். அவ்வளவு பெரிய எவர்சில்வர் அடுக்குகள் வாங்க அந்த வருடம் எங்களால் ஆகாது. புதிதாக மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் நீடாமங்கலம் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். நாகூர்ப் பக்கத்து மனிதர், வளையலிலிருந்து லாந்தர் வரை விற்பவர். மேலே கயிற்றில் சிவப்பும் பச்சையுமாக வாளிகளைத் தொங்கவிட்டிருந்தார்.

“கல்யாண வீட்டுல இதுக்கு என்ன வேல தம்பி?”

“கட்டுச்சோறு வைக்க.”

“சோறா?” அவர் ஒரு வாளியை இறக்கித் தட்டிப் பார்த்தார். “கீழ போட்டா உடையாது, அதுக்கு நான் பொறுப்பு. நம்ம வீட்டுல தண்ணி புடிச்சு வச்சிருக்கோம். சோறு வச்சுப் பாத்ததில்ல. நீங்க வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, அடுத்த ஆளுக்கு நான் சொல்றேன்.”

சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அம்மா அதன் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “கண்ணாடி மாதிரியில்ல இருக்கு. இதுல என்ன களிம்பு ஏறப்போவுது,” என்றாள். புது நாற்றம் அடித்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தோம். நாற்றம் குறைந்தது, போகவில்லை. சோறு வைத்தால் போய்விடும் என்று எல்லாரும் சொன்னோம். புளிக்குப் பயந்து பித்தளையை ஒதுக்கி வைத்தோமே, அதே புளி இதை என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உலோகத்துக்குத்தான் களிம்பு என்று நினைத்திருந்தோம்.

கல்யாணத்துக்குக் கும்பகோணத்திலிருந்து எட்டுக் கட்டு இலை தருவித்தோம். கடைசிப் பந்தி முடிந்தபோது மிச்சம் பதினொன்று. அதில் கிழியாதது இரண்டு. கொல்லையில் போய் நறுக்கிக்கொண்டு வர ஆள் இல்லை, உரிமையும் இல்லை. கேட்டால் குத்தகைக்காரர் கொடுத்திருப்பார். கேட்பதற்கு அப்பாவுக்கு வாய் வராது. இலைக் கட்டு இல்லாமலே போகட்டும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார்.

மறுநாள் விடியலில் சோறு வடித்து, புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கலந்து, பச்சை வாளிகளில் சூட்டோடு அழுத்தி வைத்தார்கள். சிவப்பு வாளிகளில் குழைந்த சோறு, அதில் காய்ச்சிய பால், ஒரு கரண்டித் தயிர். வழியிலேயே தோய்ந்து, சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காத தயிர்சாதமாக இருக்கும். அது அம்மாவின் கைப்பக்குவம். மூடியை அழுத்தியதும் டப்பென்று மூடிக்கொண்டது. “பாரு, காத்து கூட உள்ள போவாது,” என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

பெண்ணுக்குத் துணையாக நான் போனேன். முதல்முறை போகும்போது உடன்பிறந்தவன் கூடப் போய் விட்டுவருவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பதினான்கு பேர். எங்களோடு பதினாறு. சாமான் பத்தொன்பது உருப்படி. தஞ்சாவூரில் ஒருமுறையும் திருவெறும்பூரில் ஒருமுறையும் எண்ணினேன். திருச்சியில் இறங்கித் திண்டுக்கல் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். உச்சி வெயில். பிளாட்பாரத்தில் வேப்பமரத்து நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வேடிக்கையாகப் பேசுகிறவர். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். “தஞ்சாவூர்ச் சோறு வருது. நேத்து மூணு வேளை தின்னது பத்தாதுன்னு வயிறு அழுவுது.”

மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, அதிகம் பேசமாட்டார். கூடைகளைப் பார்த்துவிட்டு என்னிடம், “தம்பி, இலைக் கட்டு எதுல இருக்கு?” என்றார்.

“இலை வைக்கலீங்க.”

“வைக்கலையா?”

“காவேரி ஓடுற ஊருல இலைக்குப் பஞ்சம்,” என்றார் பெரியப்பா. “முன்னாடியே சொல்லியிருந்தா வறண்ட காட்டுலேர்ந்து நாங்க கொண்டாந்திருப்போம்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை எழுந்துபோய் ஸ்டேஷன் வாசலில் தையல் இலை வாங்கிவந்தார். அக்கா தலை குனிந்தபடி சிவப்பு வாளியின் மூடியை நெம்பினாள்.

முதலில் வந்தது நாற்றம். புது மழைக்கோட்டை வெயிலில் விரித்த மாதிரி. பிறகு உள்ளே பார்த்தோம். சோறு நடுவில் வெள்ளையாக இருந்தது. ஓரம் முழுக்க, வாளியைத் தொட்ட இடமெல்லாம், இளஞ்சிவப்பு. மேலே நின்ற மோரிலும் சிவப்புக் கோடு ஓடியது. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா. பொண்ணுக்கு வச்ச மருதாணி மிச்சமாயிடுச்சா? தயிர்சாதத்துக்கும் வச்சு விட்டிருக்கீங்களே தம்பி.”

பக்கத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த வேற்று ஆட்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பச்சை வாளியைத் திறந்து ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்தார். மென்றார். பிறகு எழுந்து தண்டவாளப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

சம்பந்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர் பிளாட்பாரத்தில் நின்ற சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணினேன்.

அக்காதான் பேசினாள். “ஒண்ணுமில்ல அத்தை. பாத்திரம் புதுசு, அதான் கொஞ்சம் நிறம் விட்டிருக்கு. எங்க ஊருல இப்பல்லாம் இதுலதான் வைக்கிறாங்க. ருசி அப்படியேதான் இருக்கும்.” சொல்லிக்கொண்டே, வெள்ளையாக இருந்த நடுவை விட்டுவிட்டு, ஓரத்தில் சிவந்திருந்த இடத்திலிருந்தே ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கினாள். இன்னொரு கை அள்ளினாள். முதல் நாள் கட்டிய தாலி மஞ்சள் கூட மங்காமல் கழுத்தில் கிடந்தது.

மாப்பிள்ளையின் அக்கா மகள், நான்கு வயது இருக்கும், என் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று “எனக்கு” என்று வாயைத் திறந்தது. சோறு கலரில் இருந்தது அதற்குப் பிடித்துவிட்டது போல. வாளிக்குள் கையை விட்டது. அக்கா சட்டென்று இடது கையால் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

“உனக்கு வேணாம்டா கண்ணு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சம்பந்தியம்மா அவளைப் பார்த்தார்.

“நீ திங்கலாம். புள்ள திங்கக் கூடாதா?”

அக்கா வாயில் இருந்ததை மட்டும் விழுங்கினாள்.

“தம்பி, நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க,” என்று என் பக்கம் திரும்பினார். “கொல்லை இருக்குன்னு உங்கப்பா கையக் காட்டுனாரு. இலை எங்க? வீடு நிறையப் பித்தளை இருக்கறத நான் பாத்தேன். அது எங்க?”

நான் சரக்குப் பெட்டிகளில் முப்பத்தொன்றில் இருந்தேன்.

“கொல்லை குத்தகைக்காரர் பேருல பதிவாயிடுச்சு அத்தை,” என்றாள் அக்கா. “வயலும்தான். எங்க வீட்டு வேலைக்கு யாரும் வர்றதில்ல. வீடும் வீட்டச் சுத்தி இருக்கறதும் மட்டும்தான் எங்களுது.”

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வேடிக்கை பேச அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் இல்லை.

“இத அங்கயே சொல்லியிருந்தா, தையல் இலையில உப்புமா தின்னுட்டு நான் பாட்டுக்கு வந்திருப்பேன்,” என்றார் சம்பந்தியம்மா. குரல் ஏறவில்லை. “இல்லன்னு சொல்றது என்ன குறைச்சலு? சொல்லாம மறைச்சு, கடைசில கட்டிக்குடுத்த பொண்ணு வாயில இதப் போட வச்சுட்டீங்களே.”

அவரே எழுந்து நான்கு வாளிகளையும் ஒவ்வொன்றாகப் பிளாட்பாரத்துக் கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். குழாயடியில் கழுவினார். நான் உதவப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாளியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு விடவே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“உங்க அப்பாகிட்ட சேத்துடுங்க. நீங்க இங்கேர்ந்தே திரும்பிடுங்க தம்பி. பொண்ண நாங்க பாத்துக்கறோம்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திண்டுக்கல் வண்டி வந்ததும் பதினைந்து பேரும் ஏறினார்கள். நான் வாளிகளோடு நின்றேன்.

அக்காவின் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு கைச் சோற்றால் அவளுக்கு உடம்புக்கும் ஒன்றும் வரவில்லை. ஒரு வேளைச் சோற்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று யாராவது கேட்டால், வராது என்றுதான் நானும் சொல்வேன். இன்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வேளையும் அப்படித்தான் நடக்கிறது என்பதுதான் என் கவலை. அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். சம்பந்தியம்மா அவளை ஒருநாளும் வாய்விட்டு ஏசியதில்லையாம். ஆனால் அவர் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு முறுக்கு கூட அந்த வீட்டு அடுப்படிக்குள் போகவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்து திரும்பும்போதும் வெறுங்கையோடு வா என்று சொல்லியனுப்புவார். அக்கா வெறுங்கையோடு போவாள்.

அன்று சாயங்காலம் நீடாமங்கலத்தில் இறங்கியபோது ஊருக்கு மாட்டுவண்டி கிடைக்கவில்லை. நடந்தேன். ஊருக்குள் போக ஒரே தெருதான். நடவு வேலை முடித்து வந்தவர்கள் வாசல்களில் இருந்தார்கள். பிளாஸ்டிக் வாளியை ஒளித்துக்கொண்டு நடக்க முடியாது. சிவப்பும் பச்சையும் அடுக்காகக் கையில் தொங்கியது, காலில் இடித்தால் டம்மென்று சத்தம் வேறு.

“என்ன சின்னய்யா, காலைலதான போனீங்க?” என்றாள் ஒரு பெண்.

“கட்டுச்சோத்து வாளியில்ல அது?” என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். “வாளி திரும்பி வருதுடி.”

“சும்மா இருடி. பாவம்.”

குத்தகைக்காரர் தன் வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே ஈயம் பூசுகிறவர் தூங்கிப்போயிருந்தார். பளபளவென்று பூசிய பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. குத்தகைக்காரர் என் கையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க தம்பி, வாசல் வரைக்கும் நான் கொண்டாந்து வைக்கிறேன்,” என்றார். கிண்டலே இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தெருவுல எத்தன பேரு பாத்தாங்க?”

“பதினேழு பேர்.”

“குத்தகைக்காரன்?”

“அவரையும் சேர்த்துத்தான்.”

வாளிகளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் தள்ளினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுப்படிக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அம்மா கல்யாண வீட்டுப் பாத்திரங்களைத் தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் தூங்காத கண். வாளிகளை அவள் பார்க்கவில்லை.

“அதுக்குள்ள வந்துட்டியா? சரி, சோறு எல்லாருக்கும் பத்துச்சாடா?”

“பத்துச்சும்மா,” என்றேன்.